நாலு பாளம் துத்தநாகம்

போட்டிருப்பாள். போடாமல் எங்கே போயிருப்பாள்? இருபத்திரண்டு வருஷமாகத் துத்தநாகம் போடுகிற கை அது. குழம்புக்கு உப்புப் போடுகிற கை போல, மனசு எந்தக் காட்டில் மேய்ந்தாலும் தன் வேலையைத் தான் பார்த்துக்கொள்ளும். ஞானப்பூ இப்படித் தனக்குள் சொல்லி முடிப்பதற்குள், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பை உப்பே போடாமல் இறக்கி வைத்ததும் இதே கைதானே என்று ஞாபகம் வந்து தொலைத்தது. அவள் புருஷன் தவசீலன் ஒரு வார்த்தை பேசாமல் அதைச் சாப்பிட்டு எழுந்தார். பேசியிருந்தால் தேவலை. குழம்பென்றால் இலையில் உப்பு வைத்துச் சமாளிக்கலாம். இதை என்ன செய்வது? பட்டறைக்கு நடுவில் மணல் அடைத்த இரும்புப் பெட்டி மூடிக் கிடந்தது. அதற்குள் படகு விசிறி ஒன்று ஆறிக்கொண்டிருந்தது, விசைப்படகுக்குப் பின்னால் தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளுமே அந்த மூன்று இதழ் விசிறி. இருபத்துநாலு கிலோ செம்பு, முதலில் பதினொரு பாளம் துத்தநாகம், கடைசியில் நாலு பாளம், ஒவ்வொரு பாளமும் ஒரு கிலோ. பதினொன்று போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது, எண்ணி எண்ணித்தான் போட்டாள். அந்தக் கடைசி நாலு? மணி இப்போது ஒன்றரை. பெட்டியை நாலு மணிக்குத்தான் உடைப்பார்கள். அவள் கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், உருவின கீரையைக் குப்பையிலும் காம்பைச் சுளகிலும் போட்டுக்கொண்டிருந்ததைச் சற்றுப் பிந்தித்தான் கவனித்தாள்.

குற்றவாளி வேறு யாருமில்லை, சந்தோஷம்தான். சரியாகப் பதினொன்றேகாலுக்கு அது போன் வழியாக வந்து சேர்ந்தது. உலையில் செம்பு உருக்குகிற மூசைச் சட்டி கொதிக்கிறது, அவள் ஈரத்துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள், கையில் இடுக்கி. போன் அடித்ததும் எடுத்துத் துண்டுக்குள்ளேயே காதோரம் செருகிக்கொண்டாள். தங்கச்சி லில்லிபுஷ்பம். நாசரேத்தில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர், வயது நாற்பத்தொன்று, இதுவரை பதினான்கு மாப்பிள்ளைகளை வேண்டாமென்று சொன்னவள். மூக்கு சரியில்லை, முழி சரியில்லை, அவன் அம்மா என் சம்பளத்தை மூன்று தடவை கேட்டாள், அவன் ஜெபம் பண்ணும்போது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். பதினைந்தாவது ஆள் வரன் பார்த்து வரவேயில்லை, பதினோரு வருஷமாகப் பக்கத்து வீட்டிலேயே இருந்தான். தேவசகாயம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், மனைவி இறந்து எட்டு வருஷம். போன வாரம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறான். இன்றைக்கு இன்டர்வெல் மணி அடித்ததும் லில்லி போன் பண்ணி, "அக்கா, சரின்னு சொல்லிட்டேன்க்கா," என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஞானப்பூவின் தலைக்குள் ஒரே வெள்ளை. அடுத்து ஞாபகம் வருவது, அவள் சுவரோரம் நின்றுகொண்டிருக்கிறாள், வாயில் கருப்பட்டித் துண்டு இனிக்கிறது, பட்டறை ஆள் இசக்கிமுத்து மூசையைத் தூக்குகிறான், காதில் போன் இல்லை, அது எப்படியோ மடிக்குள் கிடக்கிறது. சரின்னு சொல்லிட்டேனுக்கும் கருப்பட்டிக்கும் நடுவில் ஒரு பத்து நிமிஷம் இருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தை யாரோ வழித்துத் துடைத்துவிட்டார்கள். நினைத்துப் பார்க்கப் பார்க்க லில்லியின் குரல்தான் கேட்கிறது, அதைக் கேட்டதும் உதடு தானாக விரிகிறது, விரிந்த உதட்டோடு துத்தநாகத்தைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றும். கேட்கக் கூடாது, அதுதான் சங்கடம். ஊற்றின நேரத்திலிருந்து பெட்டி உடைக்கிற வரைக்கும் உள்ளே இருக்கிற உலோகத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாதென்பது இந்தப் பட்டறையின் சட்டம். நல்லா வரும் என்றும் சொல்லக் கூடாது, வருமா என்றும் கேட்கக் கூடாது. ஊற்றுவாயில்கூட உடனே மணலைத் தூவி மூடிவிடுவார்கள், எட்டிப் பார்க்கிற கண்ணுக்கு நிறம் தெரியாதபடி. யார் போட்ட சட்டமோ, தூத்துக்குடி முழுக்க இருக்கிறதோ இந்தத் தகரக் கூரைக்குக் கீழே மட்டும்தானோ, அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மீறினவர் கிடையாது. இன்னொரு சட்டமும் உண்டு. துத்தநாகம் ஒரே கைதான் போட வேண்டும், மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. பத்துப் பேர் பார்த்தால் சமையல் கெட்டுப்போகும் என்பார் தவசீலன். அவர் அப்போது எப்போதும் அச்சுப் பக்கம் திரும்பி நிற்பார், இசக்கிமுத்து ஊதுகாற்றைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆக, பார்த்த சாட்சி யாருமில்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அவர் அரம் தேடிக்கொண்டு பக்கத்தில் வந்தபோது மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, இன்னைக்குப் பொக ரொம்பவோ?"

"வாய மூடுதியா ஏட்டி. பெட்டிக்குக் காது இருக்கு."

"நா பெட்டியப் பத்தியா கேட்டேன்? பொகையப் பத்தித்தான கேட்டேன்."

"பொக எங்கேருந்து வந்துச்சு, கோயில் தூபத்துலேருந்தா?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எப்போதும் இவ்வளவு வெடுக்கென்று பேசுகிறவர் இல்லை. அவர் முகம் ஏன் அப்படி இருந்தது என்று யோசித்தபடியே அவள் குப்பையிலிருந்து கீரையைப் பொறுக்கிச் சுளகில் போட்டாள்.

சரி, கருப்பட்டியைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். துத்தநாகம் போட்டதும் மூசைக்கு மேல் பச்சையும் வெள்ளையுமாகத் தீ எழும்பும், பஞ்சு பஞ்சாக வெள்ளைப் புகை பறந்து தலையிலும் புருவத்திலும் ஒட்டும். அந்தப் புகையைக் குடித்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் வந்து பல் கிடுகிடுக்கும். அதற்குக் கருப்பட்டி தின்றால் சரியாகுமென்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை, ஒவ்வொரு தடவை போட்டு முடித்ததும் ஆளுக்கொரு துண்டு கொடுப்பாள். இரண்டு தடவை கொடுத்திருந்தால் இரண்டு தடவை போட்டிருக்கிறாள் என்று கணக்கு. "இசக்கியண்ணே, உங்களுக்குக் கருப்பட்டி எத்தன தடவ தந்தேன்?" என்று கேட்டாள். "ஒரே தடவதான் தாயி, அம்மன் மேல சத்தியமா ஒரே தடவ," என்று சொல்லிக் கையை நீட்டினான் அவன். ஒரு நிமிஷம் அவள் உயிர் போய்விட்டு, மீசையைப் பார்த்ததும் திரும்பி வந்தது. மீசை முழுக்கத் துத்தநாகப் பஞ்சு, அதன் கீழே இரண்டு கடைவாயிலும் கருப்பட்டி. மூன்று தடவை வாங்கினாலும் ஒரு தடவை என்றுதான் சொல்வான், பழனிக்கு மாலை போட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்வான். இன்னொரு துண்டைக் கொடுத்துவிட்டுத் துத்தநாகப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே கணக்கு வைக்காத உதிரிப் பாளங்கள் கிடந்தன. போடுவதற்கு முன்னால் பாளத்தை உலை விளிம்பில் வைத்துச் சூடுபடுத்துவார்கள், போடாமல் மிச்சமானதை இசக்கிமுத்து எடுத்து இதற்குள் எறிந்திருந்தால் சூடாக இருக்கும் அல்லவா? தொட்டுப் பார்த்தாள். எல்லாமே சூடாகத்தான் இருந்தது. ஜூன் மாதம், தகரக் கூரை, பெட்டியின் மூடி கூடத்தான் சூடு, அவள் மண்டையும் சூடு. மிச்ச உலோகத்தைப் பார்க்கலாமென்றால் இன்றைக்கு மூசையில் மிச்சமே நிற்கவில்லை, கடைசிச் சொட்டு வரைக்கும் அச்சு குடித்துவிட்டது. நாலு கிலோ குறைந்ததால் நிற்கவில்லையா, இல்லை விசிறியே அவ்வளவு குடிக்கிற ஜாதியா? இதுவரை விசிறி ஊற்றியிருந்தால் அல்லவா தெரியும்.

அதுதான் பெரிய பயம். இந்தப் பட்டறையில் ஊற்றியதெல்லாம் குழாயும் வால்வும். தண்ணீர் வருகிற குழாய், வராத குழாய், கோயில் கழிப்பறைக் குழாய், இதிலேயே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒருநாள் சிலுவை பர்னாந்து இதழ் உடைந்த விசிறியைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றான். மீன்பிடித் தடைக்காலத்துக்கு முந்தின கடைசி ஓட்டத்தில் பாறையில் மோதி, நடுக்கடலில் நின்று, இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்திருக்கிறது. பெரிய பட்டறையில் ஆடி வரைக்கும் பொறுக்கச் சொன்னார்களாம். தடைக்காலம் முடிந்து முதல் நாள் கடலுக்குப் போகாத படகு அந்த வருஷம் முழுக்கப் பின்தங்கிவிடும், இரண்டு மாதம் தொந்தரவில்லாமல் கொழுத்த மீன் முதல் வலைக்குத்தான் விழும். தவசீலன் இழுத்து இழுத்து, "பாப்போம், யோசிப்போம்" என்றார். "செஞ்சு தாரோம்" என்று வாயைக் கொடுத்தவள் இவள்தான். எந்தத் தைரியத்தில் சொன்னாளோ. நாளைக் கழித்து விடிகாலையில் படகுகள் புறப்படுகின்றன. இன்றைக்கு உடைத்து, நாளைக்குக் கடைசலில் போட்டுத் துளை எடுத்து, மாலையில் படகில் பூட்ட வேண்டும். துத்தநாகம் குறைந்தால் உலோகம் செம்பட்டையடித்து மந்தமாக ஓடியிருக்கும், இதழ் நுனி வரைக்கும் போயிருக்காது. பதற்றத்தில் இரண்டு மடங்கு போட்டிருந்தாலோ இன்னும் மோசம். வெளிறிப்போய், ஒரு கல்லில் பட்டால் பிஸ்கட் மாதிரி ஒடியும், ஒடியாவிட்டாலும் உப்புத்தண்ணீர் அதிலுள்ள துத்தநாகத்தை மட்டும் தேடித் தேடி உறிஞ்சிவிடும். இரும்பைக் கடல் அப்படியே தின்றுவிடும். சரியான பித்தளையை மட்டும்தான் நக்கிப் பார்த்துவிட்டுச் சும்மா விடும்.

நினைத்துக்கொண்டிருக்கும்போதே சிலுவை வந்துவிட்டான். கை முழுக்க நீலப் பெயின்ட், படகுக்கு அடித்தது பாதி, அவனுக்கு அடித்தது பாதி. "ஐஸு சொல்லியாச்சு, வல ஏத்தியாச்சு. அண்ணாச்சி, நம்ம பெட்டி எப்பிடி..." என்று ஆரம்பித்தவனைப் பார்த்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஸ்ஸ் என்றார்கள். பாவம், வெறிநாய் எதிர்ப்பட்டவன் மாதிரி வாசலிலேயே நின்றுவிட்டான். "மைனி, குடிக்கத் தண்ணி கேக்கலாமா, அதுக்கும் சட்டம் இருக்கா?" என்று கிசுகிசுத்தான். ஞானப்பூவுக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே செம்பைக் கொடுத்தாள். காலையிலிருந்து இந்தச் சிரிப்பு இப்படித்தான், அடக்க அடக்க ஏதாவதொரு பொந்து வழியாக வெளியே வந்துவிடுகிறது. லில்லி சேதியை இன்னும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது வயிற்றுக்குள் கோழிக்குஞ்சை ஒளித்து வைத்திருப்பது போல இருந்தது. ஆனால் பெட்டியைத் திறந்த பிறகுதான் சொல்ல வேண்டும். இப்போது சொல்லி, நாலு மணிக்கு விசிறி கெட்டுப்போய் வெளியே வந்தால், விசிறி நாசமாப்போன அன்னைக்குத்தான் லில்லி சம்மதிச்சா என்று காலத்துக்கும் இரண்டையும் சேர்த்தே பேசுவார்கள். நாற்பத்தொரு வயதில் வந்த சந்தோஷத்துக்கு அப்படி ஒரு வால் முளைக்க விடக் கூடாது. இந்த நாள் முழுசாக நல்ல நாளாக இருக்க வேண்டும். அதில் ஒரு பாதியை லில்லி செய்துவிட்டாள், மறு பாதி அந்த நாலு பாளத்தில் இருந்தது.

லில்லி ஒருமுறை லீவுக்கு வந்தபோது பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒங்க தொழில் மொத்தமும் எங்க கரும்பலகையில ரெண்டே கட்டம்தான்க்கா. இருபத்தொம்பதாவது கட்டம் செம்பு, முப்பதாவது துத்தநாகம். பக்கத்துப் பக்கத்து வீடு," என்றாள். பக்கத்து வீடுதான், ஆனாலும் சேர்ந்து குடியிருக்க எத்தனை காலம் ஆயிற்று என்றும் சொன்னாள். செம்பு உருகுகிற சூட்டுக்குத் துத்தநாகம் நிற்காதாம், அதற்கு முன்பே புகையாகிப் பறந்துவிடுமாம். அதனால் அந்தக் காலத்து ஜனங்களுக்குத் துத்தநாகம் என்று ஒன்று இருப்பதே தெரியாதாம். ஏதோ ஒரு கல்லைப் பொடித்து, கரியோடும் செம்போடும் சேர்த்து மூடிச் சுடுவார்களாம், திறந்து பார்த்தால் செம்பு மஞ்சளாகியிருக்குமாம். எதனால் மஞ்சளானது என்று தெரியாமலே பல நூறு வருஷம் பாத்திரமும் விளக்கும் காசும் செய்திருக்கிறார்கள். அப்புறம்தான் ராஜஸ்தான் பக்கம் யாரோ அந்தப் புகையை மண் குழாய்க்குள் கீழ்முகமாக இறக்கிப் பிடித்திருக்கிறார்கள். அன்றைக்கு ஞானப்பூ அதைக் கேட்டு, தெரியாமல் செய்தவர்கள்தான் கெட்டிக்காரர்கள் என்றாள். இப்போது நினைத்தால் ஆறுதலாக இருந்தது. எதனால் மஞ்சளானது என்று தெரியாமலே மஞ்சளாகியிருக்கிறதே, இன்றைக்கும் அப்படி ஆகட்டுமே. லில்லி கூடத்தான் பதினோரு வருஷம் தெரியாமல் இருந்தாள். தேவசகாயம் மாடியில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, சுவருக்கு இந்தப் பக்கமிருந்த இவள் செடிக்கும் சேர்த்தே ஊற்றியிருக்கிறான், இவள் மழை என்று நினைத்திருக்கிறாள். கெமிஸ்ட்ரி டீச்சராம்.

கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வேண்டும், அண்டா வேண்டும், பேண்டு செட் வைக்கலாமா? பளபளவென்று வாசிக்கிற குழலெல்லாம் பித்தளைதானே, அந்தப் பித்தளை இவர்கள் வீட்டுக் கல்யாணத்திலும் ஊதட்டும். தேவசகாயம் கூச்சப்படுவானோ. கூச்சப்பட்டால் படட்டும். அவள் மனசு பந்தல் போட்டு, பந்தி வைத்து, பாயசம் ஊற்றுகிற இடத்தில் திடீரென்று இடறியது. லில்லி சரியென்று சொன்னதும் நான் என்ன சொன்னேன்? கீரைக் காம்பு கையிலேயே நின்றது. ஏதாவது சொன்னேனா? நல்லாயிரு என்று சொன்னேனா, கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும் என்று சொன்னேனா, ஒன்றும் சொல்லாமல் போனை அமர்த்தி மடியில் போட்டுக்கொண்டேனா? அம்மா இல்லை, அப்பா இல்லை. லில்லி முதல் முதலில் சொன்னதே இவளிடம்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அப்படி ஒரு போன் வருகிறது, அப்போது இவள் வாயில் என்ன வந்தது என்று இவளுக்கே தெரியவில்லை. துத்தநாகம் போனால் மறுபடி உருக்கலாம், சிலுவையின் காலில் விழலாம். இதை எந்த மூசையில் போட்டு உருக்குவது? கூப்பிட்டுக் கேட்கலாமென்றால் வகுப்பில் போன் கூடாது, இன்டர்வெல் முடிந்தால் நாலு மணி வரைக்கும் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். இதற்கும் நாலு மணி, அதற்கும் நாலு மணி. உள்ளே இருப்பது சந்தோஷமா பயமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டும் ஒன்றாய் உருகிப் போயிருந்தன.

நாலு அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தவசீலன் சம்மட்டியை எடுத்தார். சிலுவை சிலுவைக்குறி போட்டான். இசக்கிமுத்து பெட்டியின் கொக்கிகளைத் தட்டிக் கழற்றினான். கட்டி கட்டியாக மணல் சரிந்தது, உள்ளே இன்னும் சூடு, கருகின மண் வாசனை. முதலில் ஒரு இதழ் தெரிந்தது, அப்புறம் இன்னொன்று, மூன்றாவது. நுனி வரைக்கும் நிறைந்திருந்தது. ஆனால் மேலே முழுக்கக் கறுப்புத் தோல், நிறம் தெரியவில்லை. தவசீலன் மண்டியிட்டு, அரத்தை ஒரு இதழின் ஓரத்தில் வைத்து, ஒரு இழுப்பு இழுத்தார். ஞானப்பூ கண்ணை மூடிக்கொண்டாள். அரத்தின் சத்தம் நின்றதும் திறந்தாள். அரம் போன தடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு மஞ்சள், சிவப்பும் இல்லை வெளுப்பும் இல்லை, கழுவி வைத்த பூசணிப்பூ மஞ்சள். இசக்கிமுத்து மரச்சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான். அந்தச் சத்தம் கூரையைத் தொட்டுவிட்டு வெளியே தெருவுக்குப் போயிற்று.

சட்டம் அப்போது முடிந்தது. நாலு வாயும் ஒன்றாகத் திறந்தன. சிலுவை, "என் ராசாத்தி, என் ராசாத்தி" என்று விசிறியைச் சுற்றிச் சுற்றி வந்தான், தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டான், மறுபடியும் தொட்டான். "கடைசித் துத்தநாகம் யாருங்க போட்டா?" என்று ஞானப்பூ கேட்டாள். தவசீலன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப ஒனக்கும் தெரியாதா? நா அச்சுப் பக்கம் திரும்பும்போதே நீ துண்டுக்குள்ள போன வச்சிக்கிட்டு சிரிச்சிக்கிட்டு நின்ன. போட்டாளா, போடாம சிரிச்சிக்கிட்டே இருக்காளான்னு நா பதினொன்னரை மணிலேருந்து செத்துக்கிட்டுல்லா இருக்கேன். திரும்பிப் பாக்கவும் கூடாது, கேக்கவும் கூடாது. என்ன எளவு சட்டமோ!"

"நீங்க போடலியா?"

"நா ஏன் போடுதேன்? அது ஒன் கையில்லா."

மடிக்குள் போன் அடித்தது. லில்லி. ஞானப்பூ காதில் வைத்தாள்.

"அக்கா, எவ்வளவு நேரந்தான் நா காத்துக்கிட்டே இருக்கது?"

"எதுக்குட்டி?"

"நா சரின்னு சொன்னதும் நீ என்ன சொன்னன்னு மறந்துட்டியா?"

"என்ன பிள்ள சொன்னேன்?" என்று கேட்டாள்.

"'இரு பிள்ள, துத்தநாகத்தப் போட்டுட்டு வந்து அழுதுக்கிடுதேன்'ன்னு சொன்ன. பெறவு சொர்ருனு சத்தம். ஒன்னு, ரெண்டு, மூணு, நாலுன்னு நீ எண்ணுனது எனக்குக் கேட்டுச்சு. அதோட போன் கட்டாயிட்டு. பதினொன்னாம் வகுப்புல போயி நின்னா எனக்குப் பாடமே வரல, போர்டுல நாலுன்னு எழுதிப் போட்டுட்டுச் சிரிச்சிக்கிட்டே நின்னேன். இப்பம் போட்டாச்சுல்லா? அழு."

ஞானப்பூ அழுதாள். அங்கேயே, சூடு ஆறாத மணல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். கன்னத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பஞ்சு நனைந்து கோடு கோடாக வழிந்தது. அந்தப் பக்கம் லில்லியும் அழுகிறாள், சிரிக்கிறாள், யாரிடமோ ஒன்றுமில்லை டீச்சர் என்கிறாள். சிலுவை விசிறியை விட்டுவிட்டுத் தவசீலனிடம் ஓடினான்.

"மைனி ஏன் அழுதாவ, அண்ணாச்சி? விசிறி சரியில்லியா?"

தவசீலன் திரும்பி அவளைப் பார்த்தார். ஞானப்பூ காதிலிருந்து போனை எடுக்காமலே, மற்றக் கையை உயர்த்தி அவருக்கு நாலு விரலைக் காட்டினாள்.